அரிஸ்டாட்டிலுக்குக் குருதட்சிணையாகக் கிடைத்த ஊர்

குருவுக்குத் தட்சிணையாகப் பொன் கொடுத்தவர்கள் உண்டு. பசு கொடுத்தவர்கள் உண்டு. நிலம் கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு மன்னன் ஓர் ஊரையே கொடுத்தான். அதுவும் எந்த ஊரை? அவனே இடித்துத் தரைமட்டமாக்கிய ஊரை!

அந்த மன்னன் மாசிடோனியா நாட்டின் பிலிப். அவனுடைய மகன்தான் பிற்காலத்தில் உலகை நடுங்க வைத்த அலெக்சாண்டர். மகனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர், மேதை அரிஸ்டாட்டில். தட்சிணையாகக் கிடைத்த ஊர், அரிஸ்டாட்டில் பிறந்த ஸ்டாகிரா.

அரிஸ்டாட்டிலின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஸ்டாகிராவின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் அந்த ஊரின் கதையை விட்டுவிட்டு அவருடைய கதையைச் சொல்ல முடியாது.

கடலோரத்துச் சிற்றூர்

கிரேக்க நாட்டின் வடபகுதியில், கடலுக்குள் மூன்று விரல்களை நீட்டினாற்போல் ஒரு நிலப்பகுதி இருக்கிறது. அதற்குக் கால்சிடிஸ் என்று பெயர். அதன் கிழக்குக் கரையில் இரண்டு சிறு குன்றுகள் கடலை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அந்தக் குன்றுகளின் மேல்தான் ஸ்டாகிரா இருந்தது.

கி.மு. 655-ம் ஆண்டு வாக்கில், தெற்கே ஆண்ட்ராஸ் என்ற தீவிலிருந்து சில குடும்பங்கள் கப்பலேறி வந்தன. குன்றும் கடலும் சேர்ந்த அந்த இடத்தைப் பார்த்தன. அங்கேயே குடியேறிவிட்டன. பிறகு கால்சிஸ் என்ற நகரத்திலிருந்தும் சிலர் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஊருக்கு ஒரு சிறு துறைமுகம் உண்டு. அதற்கு எதிரே ஒரு குட்டித் தீவு. இரண்டுக்கும் காப்ரஸ் என்று ஒரே பெயர். காப்ரஸ் என்றால் காட்டுப்பன்றி என்று பொருள்.

சின்ன ஊர்தான். ஆனால் பெரிய நாடுகள் அதைச் சும்மா இருக்க விடவில்லை.

கி.மு. 480-ல் பாரசீகச் சக்கரவர்த்தி செர்க்சஸ் கிரேக்க நாட்டின் மீது படையெடுத்து வந்தான். அந்தப் பிரமாண்டமான படை ஸ்டாகிராவின் ஓரமாகத்தான் நடந்து போயிற்று. செர்க்சஸ் தோற்றுத் திரும்பியதும் ஏதென்ஸ் நகரம் தலையெடுத்தது. ஸ்டாகிரா ஏதென்சுக்குக் கப்பம் கட்டும் ஊர் ஆயிற்று.

எத்தனை நாள் கப்பம் கட்டுவது? கி.மு. 424-ல் ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பெரும் போர் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து ஸ்டாகிரா ஏதென்சை உதறிவிட்டு ஸ்பார்ட்டாவின் பக்கம் சேர்ந்துகொண்டது. ஏதென்சுக்குக் கோபம் வராமல் இருக்குமா? இரண்டு ஆண்டுகளில் கிளியோன் என்ற தளபதி படையோடு வந்து ஊரைத் தாக்கினான். ஊர் மசியவில்லை. கிளியோன் வெறுங்கையோடு திரும்பினான். அதே ஆண்டில் வேறு ஒரு போரில் அவன் மாண்டும் போனான். கி.மு. 421-ல் சமாதான உடன்படிக்கை எழுதியபோது, ஸ்டாகிரா யார் பக்கமும் சேராமல் தனித்திருக்கலாம், கப்பம் மட்டும் கட்டினால் போதும் என்று முடிவு செய்தார்கள்.

ராஜ வைத்தியர் வீட்டுப் பிள்ளை

இப்படிப்பட்ட ஊரில், கி.மு. 384-ல் அரிஸ்டாட்டில் பிறந்தார்.

தந்தை நிக்கோமாக்கஸ் பெயர் பெற்ற வைத்தியர். மாசிடோனியா மன்னன் அமிண்டாசுக்கு அவர்தான் ராஜ வைத்தியர், நண்பரும்கூட. தாயார் பெயர் பைஸ்டிஸ். அவருடைய குடும்பம் கால்சிஸ் நகரத்தைச் சேர்ந்தது.

அமிண்டாஸ் மன்னனுக்கு ஒரு மகன் இருந்தான். அரிஸ்டாட்டிலைவிட இரண்டு வயது இளையவன். வைத்தியரின் மகனும் மன்னனின் மகனும் அரண்மனை முற்றத்தில் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கக்கூடும். அந்த ராஜகுமாரன்தான் பிலிப். பின்னாளில் இவருடைய ஊரை அழிக்கப் போகிறவன்!

அரிஸ்டாட்டில் சிறுவனாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். அக்காள் கணவர் பிராக்சினஸ் அவரை வளர்த்தார். சொந்தப் பிள்ளையைப் போலவே வளர்த்தார் என்று சொல்ல வேண்டும். அந்த நன்றியை அரிஸ்டாட்டில் சாகும்வரை மறக்கவில்லை. பிராக்சினசின் மகன் நிக்கானரைத் தம் மகனாகவே பாவித்தார்.

பதினேழாவது வயதில் மேற்படிப்புக்காக ஏதென்ஸ் போனார். அங்கே மாமேதை பிளேட்டோ ஒரு பள்ளி நடத்தி வந்தார். அகாடமி என்று அதற்குப் பெயர். அரிஸ்டாட்டில் அதில் சேர்ந்தார். ஓர் ஆண்டல்ல, இரண்டு ஆண்டல்ல, இருபது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். முதலில் மாணவர், பிறகு ஆசிரியர்.

ஆள் எப்படி இருப்பார்? கால்கள் மெலிந்திருக்கும். கண்கள் சிறியவை. பேசும்போது நாக்குச் சற்றுக் குழறும். ஆனால் உடையில் அக்கறை அதிகம். விரல்களில் மோதிரங்கள் மின்னும். தத்துவ ஞானி என்றால் கந்தை கட்டிக்கொண்டு திரிவார் என்று நினைப்பவர்களுக்கு அவரைப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும்.

அவர் தூங்குவதைப் பற்றியும் ஒரு கதை உண்டு. கையில் ஒரு வெண்கலக் குண்டைப் பிடித்துக்கொண்டு படுப்பாராம். கீழே ஒரு பாத்திரம் இருக்கும். அசந்து தூங்கினால் குண்டு பாத்திரத்தில் விழும். அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டு மறுபடி படிக்க உட்கார்ந்துவிடுவாராம்!

ஏதென்சில் இத்தனை பெயர் எடுத்தும் அவர் அங்கே அந்நியர்தான். அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. வெளியூரில் பிறந்தவன் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் ஏதென்சின் குடிமகன் ஆக முடியாது. ஓட்டுப் போட முடியாது. ஒரு காணி நிலம்கூட வாங்க முடியாது. அரிஸ்டாட்டில் எந்த ஊர்க் குடிமகன் என்று கேட்டால், ஸ்டாகிரா என்ற ஒரே ஒரு பதில்தான். அந்த ஊர் இல்லாமற்போனால்?

ஊர் அழிந்தது

கி.மு. 359-ல் பிலிப் மாசிடோனியாவின் ஆட்சியைக் கைப்பற்றினான். தந்திரசாலி, போரில் புலி. பத்தே ஆண்டுகளில் அக்கம்பக்கத்து நாடுகளையெல்லாம் வளைத்துப் போட்டான். அடுத்து அவனுடைய கண் கால்சிடிஸ் மீது விழுந்தது.

கி.மு. 349-லும் 348-லும் அந்தப் பகுதியே எரிந்தது. ஒலிந்தஸ் என்ற பெரிய நகரம் மண்ணோடு மண்ணாயிற்று. மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்றார்கள். பெரிய நகரங்களைத் தவிர 32 ஊர்களை பிலிப் அழித்துவிட்டான் என்று ஏதென்சின் சொற்பொழிவாளர் டெமாஸ்தனிஸ் பின்னர் மேடையில் முழங்கினார். நேற்றுவரை அங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு அழிவு இருந்ததாம்.

அந்த அழிவில் ஸ்டாகிராவும் போயிற்று. வீடுகள் இடிந்தன. ஓடியவர்கள் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் அடிமைச் சந்தைக்குப் போனார்கள். முந்நூறு ஆண்டுகளாக வாழ்ந்த ஊர் அது!

அப்போது அரிஸ்டாட்டிலுக்கு வயது 36. அதே சமயத்தில்தான் பிளேட்டோவும் இறந்தார். ஏதென்சில் மாசிடோனியாவின் மீது எல்லோருக்கும் ஆத்திரம். மாசிடோனிய மன்னனின் வைத்தியர் மகனை யார் அன்போடு பார்ப்பார்கள்? ஊரும் இல்லை, குருவும் இல்லை. அரிஸ்டாட்டில் கப்பலேறினார்.

மீனும் முட்டையும்

கடலுக்கு அப்பால், இன்றைய துருக்கியின் கரையில் அசாஸ் என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பகுதியை ஹெர்மியாஸ் என்பவன் ஆண்டு வந்தான். ஒரு காலத்தில் அடிமையாக இருந்து ஆட்சிக்கு வந்தவன் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். அவன் அரிஸ்டாட்டிலை வரவேற்று உபசரித்தான். தன் வளர்ப்பு மகள் பித்தியாசை அவருக்கு மணம் செய்து கொடுத்தான். சிலர் அந்தப் பெண்ணை அவனுடைய சகோதரி மகள் என்றும் சொல்கிறார்கள்.

பிறகு எதிர்க்கரையிலுள்ள லெஸ்பாஸ் தீவுக்குப் போனார். அங்கே பிறந்தவர் தியோபிராஸ்டஸ். அரிஸ்டாட்டிலின் உயிர் நண்பர். இருவரும் சேர்ந்து ஒரு புதுமையான காரியத்தில் இறங்கினார்கள். அரிஸ்டாட்டில் பிராணிகளைக் கவனித்தார். தியோபிராஸ்டஸ் செடிகொடிகளைக் கவனித்தார்.

அந்தத் தீவின் நடுவே ஒரு பெரிய உப்பங்கழி உண்டு. அரிஸ்டாட்டில் அதன் கரையில் மீனவர்களோடு மணிக்கணக்கில் பேசுவார். வலையில் வந்ததையெல்லாம் அறுத்துப் பார்ப்பார். பேய்க்கணவாய் நிறம் மாறுவதை எழுதி வைத்தார். ஆண் கெளுத்தி மீன் முட்டைகளைக் காவல் காப்பதை எழுதி வைத்தார். ஒரு வகைச் சுறாவில், தாயின் வயிற்றுக்குள் குட்டி கொப்பூழ்க்கொடியோடு வளர்கிறது என்று அவர் எழுதினார். மீனுக்குக் கொப்பூழ்க்கொடியா என்று பிற்காலத்தவர் நம்பவில்லை. 1842-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஒருவர் ஆராய்ந்து, அரிஸ்டாட்டில் எழுதியது உண்மைதான் என்று நிரூபித்தார்!

அடைகாக்கும் கோழியின் முட்டைகளை நாள் விட்டு நாள் உடைத்துப் பார்த்ததும் அவர்தான். மூன்று நாள் கழிந்ததும் வெள்ளைக் கருவுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி துடிக்கும். அதுதான் குஞ்சின் இருதயம் என்று எழுதினார்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பற்கள் குறைவு என்று எழுதியவரும் அவர்தான். மனைவியின் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணிப் பார்த்திருக்கலாம்!

பகைவன் வீட்டில் பாடம்

கி.மு. 343-ல் ஒரு அழைப்பு வந்தது. பிலிப் தன் மகன் அலெக்சாண்டருக்குக் கல்வி கற்பிக்க அரிஸ்டாட்டிலை அழைத்தான். அலெக்சாண்டருக்கு அப்போது வயது 13. அரிஸ்டாட்டிலுக்கு 41.

ஸ்டாகிரா எரிந்து ஆறு ஆண்டுகூட ஆகவில்லை. ஊரை எரித்தவன் கூப்பிடுகிறான். போவதா, வேண்டாமா?

அரிஸ்டாட்டில் போனார். பேரரசன் கூப்பிட்டால் மறுக்க முடியாது என்று பயந்து போனாரா? பழைய அரண்மனை உறவை எண்ணிப் போனாரா? பிலிப்பிடமிருந்து ஊரைத் திரும்பப் பெற வேறு வழி கிடையாது என்று கணக்குப் போட்டாரா? மூன்றும் கலந்திருக்கலாம். அவர் போனதைக் குறை சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் போகாமல் இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மீசா என்ற இடத்தில், வனதேவதைகளின் கோயிலை அடுத்த சோலையில் பாடசாலை அமைந்தது. கல் ஆசனங்கள், நிழல் படர்ந்த நடைபாதைகள். ராஜகுமாரனும் அவன் தோழர்களும் அங்கே படித்தார்கள். கவிதை, மருத்துவம், தத்துவம், அரசியல் எல்லாம் பாடம். ஹோமரின் இலியட் காவியத்தை அரிஸ்டாட்டில் திருத்தி, ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். அலெக்சாண்டர் போருக்குப் போகும் இடமெல்லாம் அதை எடுத்துச் சென்றான். இரவில் தலையணைக்கு அடியில் ஒரு குத்துவாளும் அந்தப் புத்தகமும் இருக்குமாம்.

இந்தக் கல்விக்குப் பிலிப் கொடுத்த சம்பளம்தான் ஸ்டாகிரா. தான் இடித்த ஊரைத் தன் செலவிலேயே மறுபடி கட்டினான். நாடு விட்டு ஓடியவர்களைத் திரும்ப அழைத்தான். அடிமைகளாக விற்கப்பட்டவர்களை மீட்டுக் கொண்டுவந்து குடியேற்றினான். வரலாற்று ஆசிரியர் புளூட்டார்க் இப்படி எழுதி வைத்திருக்கிறார். ஊரைக் கட்டியது பிலிப் அல்ல, அலெக்சாண்டர்தான் என்று சொல்லும் பழைய நூல்களும் உண்டு. யார் கட்டியிருந்தாலும் காரணம் அரிஸ்டாட்டில்தான் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

நினைத்துப் பாருங்கள். எங்கோ ஓர் ஊரில் எவன் வீட்டிலோ மாவரைத்துக்கொண்டிருந்த ஒரு ஸ்டாகிராப் பெண்ணுக்கு, உனக்கு விடுதலை, ஊருக்குப் போகலாம் என்று செய்தி வந்தால் எப்படி இருந்திருக்கும்!

புதிய ஊருக்கு அரிஸ்டாட்டிலே சட்டதிட்டங்கள் வகுத்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

இதில் ஒரு வேதனையும் இருக்கிறது. சில மனிதர்கள் அடிமைகளாக இருக்கவே பிறந்தவர்கள் என்று தம் அரசியல் நூலில் எழுதியவரும் இதே அரிஸ்டாட்டில்தான். போரில் தோற்றவனை அடிமையாக்குவது நியாயமா என்று அந்தக் காலத்திலேயே சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவர் எடுத்துப் பேசியும் இருக்கிறார். ஆனால் அடிமை முறையே கூடாது என்று அவர் சொல்லவில்லை. தம்முடைய ஊரார் சந்தையில் விலை போனதை அறிந்தவர், உலகமெல்லாம் மேதை என்று போற்றியவர், இதை மட்டும் ஏன் கண் திறந்து பார்க்கவில்லை? பின்னாளில் அடிமை வியாபாரம் செய்தவர்கள் அவருடைய எழுத்தைச் சாட்சிக்கு இழுத்தார்கள்.

மீண்டும் ஏதென்ஸ்

கி.மு. 336-ல் பிலிப் கொலையுண்டான். அலெக்சாண்டர் அரியணை ஏறினான். அடுத்த ஆண்டு அரிஸ்டாட்டில் ஏதென்சுக்குத் திரும்பினார். ஊர் மதிலுக்கு வெளியே லைசியம் என்ற சோலையில் சொந்தப் பள்ளி தொடங்கினார். அந்நியருக்கு நிலம் வாங்க உரிமை இல்லையே! வாடகைக்கு இடம் பிடித்துத்தான் நடத்தினார். மாணவர்களோடு நடந்துகொண்டே பேசுவார் என்று சொல்வார்கள். அதனால் அவர்களுக்கு நடப்பவர்கள் என்றே பெயர் வந்துவிட்டது. 158 ஊர்களின் ஆட்சி முறைகளை அந்தப் பள்ளியில் திரட்டினார்கள். அதில் ஏதென்சைப் பற்றிய ஏடு மட்டும் எகிப்து நாட்டு மணலில் கிடைத்து, 1891-ல் அச்சாயிற்று.

பன்னிரண்டு ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன. கி.மு. 323-ல் அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்தான் என்ற செய்தி வந்தது. ஏதென்ஸ் பொங்கி எழுந்தது. மாசிடோனியாவோடு தொடர்புள்ளவர்களைத் தேடித் தேடிப் பழி சுமத்தினார்கள். அரிஸ்டாட்டில் தெய்வ நிந்தனை செய்தார் என்று ஒரு வழக்கு கிளம்பியது. தம் மாமனார் ஹெர்மியாஸ் பாரசீகரிடம் சிக்கிக் கொல்லப்பட்டபோது, அவனைப் புகழ்ந்து பல ஆண்டுகளுக்கு முன் பாடிய ஒரு பாட்டுத்தான் குற்றமாம்!

இதே ஏதென்ஸ்தான் கி.மு. 399-ல் சாக்ரட்டீசுக்கு விஷம் கொடுத்துக் கொன்றது. தத்துவத்துக்கு எதிராக அந்த நகரம் இரண்டாவது முறை பாவம் செய்ய வழி விடக்கூடாது என்று சொல்லிவிட்டு அரிஸ்டாட்டில் புறப்பட்டார். தாயார் குடும்பத்துக்குச் சொந்தமான கால்சிஸ் வீட்டுக்குப் போனார். மறு ஆண்டு, கி.மு. 322-ல், வயிற்று நோயால் இறந்தார். வயது 62.

உயிலில் வந்த ஊர்

அவர் எழுதிய உயில் இன்றும் இருக்கிறது. அதைப் படித்தால் மேதையைவிட ஒரு குடும்பத் தலைவர்தான் கண்ணுக்குத் தெரிகிறார்.

மனைவி பித்தியாஸ் முன்பே இறந்துவிட்டாள். அதன்பின் ஹெர்பிலிஸ் என்ற பெண் அவரோடு வாழ்ந்தாள். அவள் தம்மிடம் அன்பாக இருந்தாள் என்பதை உயிலிலேயே குறித்து, அவளுக்குப் பணமும் பணிப்பெண்களும் ஏற்பாடு செய்தார். கால்சிசில் இருக்க விரும்பினால் தோட்டத்தை ஒட்டிய வீடு அவளுக்கு. ஸ்டாகிராவில் இருக்க விரும்பினால் தம் தந்தையின் வீடு அவளுக்கு. எந்த வீட்டை அவள் எடுத்துக்கொண்டாலும் வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களை வாங்கிப் போட வேண்டும் என்றும் எழுதினார். பாழாய்ப் போன ஸ்டாகிராவில் தந்தையின் வீடு மறுபடி நின்றுகொண்டிருந்தது!

தமக்குப் பணிவிடை செய்த சிறுவர்கள் யாரையும் விற்கக்கூடாது. வயது வந்ததும் தகுதிப்படி விடுதலை செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டார். வேறு சில அடிமைகளுக்குப் பெயர் சொல்லியே விடுதலை கொடுத்தார். நூலில் எழுதியது ஒன்று. வீட்டில் செய்தது வேறு.

தம் மகளை மணக்க வேண்டிய நிக்கானர் பிரயாணத்திலிருந்து பத்திரமாகத் திரும்பினால், ஸ்டாகிராவில் நான்கு முழ உயரத்தில் இரண்டு கற்சிலைகளை நிறுத்த வேண்டும் என்று வேண்டுதலும் வைத்தார். ஒன்று காக்கும் தெய்வம் ஜீயஸ். மற்றொன்று காக்கும் தேவி அதீனா. தம்மை எங்கே புதைத்தாலும் பித்தியாசின் எலும்புகளையும் அங்கேயே சேர்த்து வைக்கும்படி எழுதினார். அவள் கேட்டுக்கொண்டது அது.

கால்சிசில் இறந்தவரின் அஸ்தியை ஸ்டாகிரா மக்கள் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய் வைத்தார்கள் என்றும், அந்த இடத்தில் கூடித்தான் ஊர்க் காரியங்களைப் பேசினார்கள் என்றும் பிற்காலத்து நூல்கள் சொல்கின்றன.

ஆனால் குருதட்சிணையாக வந்த ஊர் நெடுநாள் நிலைக்கவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டிராபோ என்ற பூகோள ஆசிரியர் எழுதியபோது அங்கே ஆள் நடமாட்டம் இல்லை.

1990-ம் ஆண்டு முதல் கிரேக்க ஆராய்ச்சியாளர்கள் அந்தக் குன்றுகளைத் தோண்டினார்கள். மதில்களும், கோபுரமும், வீடுகளும், கல் பாவிய தெருவும் வெளிவந்தன. 2016-ல், குதிரை லாட வடிவத்தில் இருந்த ஒரு கட்டடத்தைக் காட்டி, அரிஸ்டாட்டிலின் சமாதி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று அகழ்வாராய்ச்சித் தலைவர் அறிவித்தார். உறுதியான சாட்சியம் இல்லை என்று மற்ற அறிஞர்கள் தலையாட்ட மறுத்துவிட்டார்கள்.

குன்றின் அருகே இப்போது ஒலிம்பியாடா என்ற மீனவ கிராமம் இருக்கிறது. 1922-ல் நடந்த போருக்குப் பிறகு, கடலுக்கு அப்பால் ஆசியா மைனரிலிருந்து வீடு வாசலை விட்டு அகதிகளாக வந்த கிரேக்கக் குடும்பங்கள் குடியேறிய கிராமம் அது. கரையில் நின்று பார்த்தால் எதிரே காப்ரஸ் தீவு தெரிகிறது.